காருக்கு ஆகாத தண்ணீர்

என் வீட்டுக்காரர் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய கிளாக்கர். தேயிலை விலை விழுந்து துரை சீமைக்குக் கிளம்பியபோது, அவருடைய பழைய காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். அன்றிலிருந்து இவருக்குக் கால் தரையில் பாவவில்லை. ஞாயிறு தவறாமல் ரேடியேட்டர் தண்ணீர் மாற்றுவார். அடியில் இருக்கும் குழாயைத் திறந்து துருத் தண்ணீரை வடித்துவிட்டு, எங்கள் வீட்டுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டி ஊற்றுவார். வயிற்றுப் பிள்ளைக்காரியான எனக்கு ஒரு செம்பு வெந்நீர் வைத்துக் கொடுத்தவரில்லை.

எனக்கு வலி கண்டதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில்தான். அப்போதும் தண்ணீரை மாற்றி முடித்துவிட்டுத்தான் காரை எடுத்தார். அவசரத்தில் அடிக்குழாயைச் சரியாக மூடவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குப் பாதி வழிகூடப் போகவில்லை, ஏற்றத்தில் கார் புகைந்து நின்றுவிட்டது. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை.

சாலைக்கு மேலேயே ஒரு லயம், தோட்டத்துக் கூலிக்காரர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகள். மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் என் அலறலைக் கேட்டுக் குடத்தோடு ஓடிவந்தார்கள்.

"இந்தாங்க ஐயா, ஊத்துங்க. அம்மா துடிக்கிறாங்க."

"எட்ட நில்லு. லயத்துத் தண்ணிய என் காருல ஊத்துறதா?"

மனுஷருக்குத் தீட்டு பார்ப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரும்புக்கும் தீட்டு கண்டுபிடித்த மகான் இவர் ஒருவர்தான். இரண்டு மைல் கீழே இருக்கும் தன் சாதிக் கடைக்காரர் வீட்டில் வாங்கி வருவதாகச் சொல்லிவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனார். எனக்கு அந்த வலியிலும் பயத்தைவிட ஆத்திரம்தான் அதிகமாக வந்தது.

அந்தப் பெண்கள் அவரிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. என்னைக் கைத்தாங்கலாக லயத்துக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்து, மருத்துவச்சியைக் கூப்பிட்டார்கள். அங்கேதான் என் மகள் பிறந்தாள். பீலித் தண்ணீரைக் காயவைத்து எனக்குக் குடிக்கக் கொடுத்தார்கள், பிள்ளையைக் குளிப்பாட்டினார்கள்.

மத்தியானம்தான் அவர் திரும்பி வந்தார்; அடிக்குழாயை இறுக்கி மூடி, முதலில் காருக்கு ஊற்றினார். பிறகு லயத்து வாசலுக்கு எட்ட நின்றுகொண்டு, கார் ரெடி, கிளம்பு என்று சத்தம் போட்டார்.

மருத்துவச்சி வாசலுக்குப் போனாள். "பொம்பளப் புள்ளைங்க ஐயா. குளிப்பாட்டி வச்சிருக்கோம், வந்து பாருங்க."

"எந்தத் தண்ணியில?" என்றார்.

தன் மகளைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.