புவனா சொன்ன ஆகட்டுங்க

புவனாவுக்கு வேலை நிரந்தரமாகும் கடிதம் வெள்ளிக்கிழமை வர வேண்டும். அந்த வாரத்துத் திங்கட்கிழமை காலையில், அவளுடைய குரலையே அவளுக்குப் போட்டுக் காட்டினார்கள்.

சரவணம்பட்டியில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடி. வெட் கிரைண்டர் கம்பெனி ஒன்றின் சர்வீஸ் பிரிவு. தமிழ்நாட்டில் எங்கே அந்தக் கிரைண்டர் நின்றுபோனாலும் அழைப்பு இங்கேதான் வரும். ஆறு மாதமாகப் புவனா அங்கே ஹெட்போன் மாட்டி உட்கார்ந்திருக்கிறாள். அன்னூர்ப் பக்கத்துக் கிராமத்தில் அப்பா மில் ஷிப்டுக்குப் போகிறவர்; அம்மா வாழைத் தோட்டத்துக்கு. அந்த வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் புவனா. ஓர் ஆளை ஆறு மாதம் வேலைக்கு வைத்துப் பார்த்துவிட்டு, வேண்டுமா வேண்டாமா என்று பிறகு முடிவு செய்வார்கள் என்பதை அப்பாவுக்கு விளங்கவைக்கவே ஒரு வாரம் ஆனது. "அப்ப இத்தனை நாளு செஞ்சதெல்லாம் வேலையில்லையா கண்ணு?" என்று கேட்டார் அவர்.

டீம் லீடர் தேஜஸ்ரீ அவளைவிட இரண்டு வயதுதான் மூத்தவள். "கேட்டுப்போட்டுச் சொல்லுங்க புவனா" என்று பதிவை ஓடவிட்டாள்.

பேசியவர் சுந்தரராஜுலு. ராஜபாளையத்தில் மெஸ் வைத்திருப்பவர். போன செவ்வாய்க்கிழமை அழைத்திருந்தார்.

"வியாழக்கிழமைக்குள்ள ஆளு வந்துருவாராம்மா? வெள்ளிக்கிழமை விசேஷ வீட்டுக்கு இருநூறு பேருக்கு இட்லி ஆர்டர் எடுத்திருக்கேன்."

"ஆகட்டுங்க."

"கண்டிப்பா வந்துருவார்ல?"

"ஆகட்டுங்க சார். புகாரு பதிஞ்சாச்சுங்க."

"உன்னை நம்பித்தாம்மா அரிசி ஊறப்போடுறேன்."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "ஆகட்டுங்க."

மெக்கானிக் போனது சனிக்கிழமை. ஊறிய அரிசியைத் தூக்கிக்கொண்டு, அரைத்துத் தரச் சொல்லி அந்த மனிதர் மூன்று வீடு ஏறியிருக்கிறார். பாதி பேருக்குத்தான் இட்லி போயிருக்கிறது. வாக்குக் கொடுத்து ஏமாற்றிவிட்டார்கள் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டார்.

"நான் வருவாருன்னு சொல்லவே இல்லீங்களே" என்றாள் புவனா.

தேஜஸ்ரீ சிரித்துவிட்டாள். "எங்க ஊட்டுல தெலுங்குதான், ஆனா நானும் இங்க பொறந்தவதானுங்க. இங்க ஆகட்டுங்கன்னா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம். அவருக்கு ஆயிரும்னு அர்த்தமாயிப்போச்சு. வட்டார வழக்கை வாடிக்கையாளர் தப்பா எடுத்துக்கிட்டாருன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. ஃபைலை மூடிறலாம். வெள்ளிக்கிழமை லெட்டர் வந்துரும்."

விஷயம் மதியத்துக்குள் தளம் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்து இருக்கை மதன்குமார் விடுவானா? "ஏனுங்க அம்மணி, எங்கப்பாவும் என்ற கல்யாணப் பேச்செடுத்தா மூணு வருசமா ஆகட்டுங்கறாரு. அவருமேல ஒரு கம்ப்ளைன்ட் போட முடியுமா?"

"முதல்ல பொண்ணு கிடைக்கட்டும், அப்புறம் போடலாம்" என்றாள். அவன் போன பிறகு அந்தப் பதிவை மறுபடி போட்டுக் கேட்டாள். மூன்றாம் முறை கேட்டபோது, பேச்சை விட்டுவிட்டு அந்தச் சத்தமில்லாத இடத்தையே கேட்டாள். நான்கு விநாடி. அந்த நான்கு விநாடியில் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்தது. மெக்கானிக்குகளின் அட்டவணையைத் திறந்து பார்த்திருந்தாள். ராஜபாளையம், சனிக்கிழமை என்று அதில் இருந்தது. பார்த்துவிட்டுத்தான் ஆகட்டுங்க என்றிருந்தாள்.

முதல் இரண்டு 'ஆகட்டுங்க'வும் வழக்கமாக வாயில் வருவதுதான். புவனாவின் தெருவில் விசேஷத்துக்குக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டேன் என்று சொல்வதில்லை, ஆகட்டுங்க என்பார்கள். சொன்ன இழுப்பிலேயே கூப்பிட்டவருக்குத் தெரிந்துவிடும், அந்த வீட்டுக்கு இலை போட வேண்டாம் என்று. பயிற்சியில் கொடுத்த தாளிலும் 'முடியாது என்ற சொல்லைத் தவிர்க்கவும்' என்றுதான் போட்டிருந்தது. ஆனால் அந்த மூன்றாவதை வழக்கம் என்று எப்படி எழுதுவது? ஒரு மனிதரின் ஏமாற்றத்தை அப்போதே காதால் கேட்கப் பயந்துகொண்டு, அதை வியாழக்கிழமைக்குத் தள்ளிவிட்டிருக்கிறாள்.

எழுதிக் கொடுத்தால்தான் என்ன? பொய் ஒன்றும் இல்லை. இரண்டு வரியும் உண்மைதான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அந்த இரண்டு வரியை எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தாள். நேர்மையாக இருக்க ஆசைப்படுகிறோமா, இல்லை நல்லவள் என்று பேர் வாங்க ஆசைப்படுகிறோமா என்பதும் பிடிபடவில்லை. வேலை போனால் அடுத்தது தேட எத்தனை மாதமோ!

வியாழக்கிழமை காலை, யாரையும் கேட்காமல் சுந்தரராஜுலுவை அழைத்தாள்.

"கிரைண்டர் கம்பெனியிலிருந்து புவனா பேசறேனுங்க. சனிக்கிழமைதான் ஆள் வருவாருன்னு அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க. சொல்லாம விட்டுப்போட்டேன். தப்பு என்மேலதானுங்க."

அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நின்றது. "தெரியுமா? தெரிஞ்சா சொன்ன?" குரல் ஏறியது. "அட ஏம்மா! ஆளு வரமாட்டாருன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தா செவ்வாக்கிழமையே வாடகைக்கு ஒரு கிரைண்டர் எடுத்திருப்பேன்ல? திட்டுவேன்னு பயமா? திட்டத்தான் செஞ்சிருப்பேன். அதுக்கென்ன இப்ப?" சொல்லிவிட்டு வைத்துவிட்டார். மன்னித்தேன் என்றோ பரவாயில்லை என்றோ சொல்லவில்லை.

புவனா உட்கார்ந்து விளக்கத்தை எழுதினாள். அட்டவணையைப் பார்த்தது, பார்த்த பிறகும் சொல்லாதது, இரண்டையும் எழுதினாள்.

தேஜஸ்ரீ படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தாள். "இதைய மேல அனுப்புனா என்ன ஆகும்னு தெரியுமுங்களா?"

"தெரியுமுங்க."

"பைத்தியமுங்க நீங்க." ஆனாலும் அனுப்பிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. நிரந்தரம் இல்லை, வைத்துப் பார்க்கும் காலம் இன்னும் மூன்று மாதம். பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது அப்பா போன் செய்தார்.

"என்ன கண்ணு, பர்மனென்ட் ஆயிருச்சா? உன்ற சித்தப்பனுக்கெல்லாம் சொல்லிப்போட்டேன்."

நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பஸ் இரைச்சலில் கேட்கவில்லை என்றுகூட வைத்துவிடலாம்.

"இல்லீங்கப்பா. ஆகல. தப்பு ஒண்ணு செஞ்சுபோட்டேன், அதனால இன்னும் மூணு மாசம் பாக்கறாங்களாமுங்க. அதுக்கப்புறமும் ஆகாமப் போனாலும் போகுமுங்க. சித்தப்பாகிட்ட மாத்திச் சொல்லிருங்க."

மில்லின் சத்தம் மட்டும் கேட்டது. அந்த இடைவெளியை அவள் எதையாவது சொல்லி நிரப்பவில்லை.

"என்ன தப்பு?" என்றார் கடைசியில்.

"ஊட்டுக்கு வந்து சொல்றேனுங்கப்பா" என்று சொல்லிவிட்டு, அன்னூர் பஸ்ஸில் ஏற இடித்துக்கொண்டு நின்ற கூட்டத்துக்குள் அவளும் நுழைந்தாள்.