வெளிநாட்டு மாத்திரைக்குப் பத்தியம்

அந்தச் சின்னக் கல்சட்டி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. வீட்டாருக்கெல்லாம் பெரிய பானையில் புளிக்கறி கொதிக்கும். என் வீட்டுக்காரருக்கு மட்டும் கல்சட்டியில் புளி இல்லாமல், மிளகாய் இல்லாமல், சீரகமும் உப்பும் போட்ட பருப்பு. பதினான்கு மாதம் அப்படிச் சமைத்தேன். வாயில் வைக்க முடியாது. அவரோ ஒரு சொல் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போவார். மருந்து என்றால் பத்தியம் உண்டு என்பது எங்கள் நாஞ்சில் நாட்டில் யாரும் சொல்லித்தர வேண்டாத விஷயம். அதனால் டாக்டரிடம் கேட்கவேண்டும் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை.

அவர் தக்கலை தாலுகா கச்சேரியில் சர்வேயர். எங்கள் தாலுகாக்கள் மலையாள நாட்டைவிட்டுப் பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேரப் போகின்றன என்று கடைவீதியெல்லாம் பேச்சு அடிபட்ட காலம். வயலில் சங்கிலி பிடித்து அளக்கும்போது மண்ணுக்கடியிலிருந்து ஓர் ஆள் தன்னைப் பேர் சொல்லித் திட்டுவதாகச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் நான் சிரித்தேன். ஒருநாள் சங்கிலியைக் குளத்தில் எறிந்துவிட்டு, காதைப் பொத்திக்கொண்டு வரப்பில் கிடந்தவரை நாலு பேர் தூக்கி வந்தார்கள். அப்போது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டே வருஷம். திருவனந்தபுரத்துக்குப் பஸ் ஏறினோம். அங்கே டாக்டர், வெளிநாட்டிலிருந்து புதிதாக வந்த ஒரு மாத்திரையைக் கொடுத்தார். ஒரு மாதத்துக்குள் மண்ணுக்கடியில் இருந்தவன் வாயை மூடிக்கொண்டான். அந்த டாக்டரை நான் கும்பிடாத நாள் இல்லை.

ஆனால் போனது அந்தச் சத்தம் மட்டுமல்ல. நாக்கு வறண்டு ஒட்டிக்கொள்ளும். கை நடுங்கி அளவுப்படத்தில் கோடு வளையும். வெயிலில் கொஞ்சம் நின்றாலே முகமும் புறங்கையும் வெந்து சிவக்கும். சர்வேயருக்கு வெயில் ஆகாதென்றால் எங்கே போய் முட்டிக்கொள்வது! இதெல்லாம் ஊருக்கே தெரிந்தவை. எனக்கு மட்டும் தெரிந்தது, அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டது. அதற்கும் மாமியாரிடம் விளக்கம் இருந்தது. "மருந்து உள்ள போகுத காலம் ஆம்பிள ஒதுங்கித்தான் கெடக்கணும் மக்கா. அதும் பத்தியம்லா?" என்று என் பாயை அடுக்களைப் பக்கம் தள்ளிப் போட்டார். எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான். குளத்தில் பெண்கள் என் வயிற்றைப் பார்த்து, "என்னட்டி, விசேஷம் ஒண்ணும் இல்லியா?" என்று சீண்டினால், "அவருக்குப் பத்தியம்லா!" என்று நிமிர்ந்து சொல்வேன். இவ்வளவு கட்டுப்பாடான மனுஷன் யாருக்கு வாய்ப்பான் என்று நினைப்பு.

பதினான்காம் மாதம் மருந்து வாங்கப் போனபோது, வெட்கத்தை விட்டு நானே கேட்டேன். "சாரே, பத்தியம் எப்ப தீரும்?"

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பத்தியமோ? இதுக்கு ஒரு பத்தியமும் இல்லல்லோ. எல்லாம் சாப்பிடலாம், வழக்கம்போல குடும்பம் நடத்தலாம். முதல் நாளே இவர்கிட்ட தனியா சொன்னேனே."

நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தக்கலையில் இறங்கி, வாய்க்கால் கரையில் ஊருக்கு நடக்கும்போது வெடித்துவிட்டேன். "எனக்க மேல வெறுப்புன்னா மொகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே! புளியில்லாத பருப்ப எதுக்குத் தின்னிய?"

அவர் நின்றார். "வெறுப்பு இல்லட்டி. மனசு ஒனக்க கிட்டதான் கெடக்கு. இந்த ஒடம்புதான் கேக்க மாட்டங்கு. மாத்திர தொடங்கின பிறவு இப்பிடி. நீ பத்தியம்னு பெருமையா சொன்னியா, நானும் அதுலயே ஒளிஞ்சுக்கிட்டேன்."

அறுவடைச் சமயத்தில் எனக்குத் தெரியாமல் ஆறு நாள் மாத்திரையை நிறுத்திப் பார்த்தாராம். ஏழாம் நாள் மண்ணுக்கடியில் இருந்தவன் பேச ஆரம்பித்துவிட்டான். இந்தத் தடவை என் பேரையும் சேர்த்துத் திட்டினானாம். பயந்துபோய் மறுபடி விழுங்கியிருக்கிறார்.

"நீ சொல்லு. வேண்டாம்னா இன்னைக்கே நிறுத்துகேன்," என்றார்.

எனக்கு இருபத்திரண்டு வயது. ஒரு பிள்ளைக்காக ஏங்கிக் கிடந்தேன். அவரை வரப்பிலிருந்து தூக்கி வந்த அந்த நாளும் நினைவுக்கு வந்தது. வாய்க்கால் கரையென்றும் பாராமல் அழுதேன். அழுது முடித்து, "நிறுத்தப்பிடாது" என்றேன்.

இப்போது மருந்து டப்பாவுக்குள் ஒரு தாளை மடித்து வைக்கிறார்கள். இந்த மாத்திரை உடம்பை என்னென்ன செய்யும், ஆசையை என்ன செய்யும் என்று வெட்கமில்லாமல் அச்சடித்திருக்கிறது. என் மகள் அதைப் படித்துக் காட்டும்போது வயிறெரிந்தது. அன்று அப்படி ஒரு தாள் இருந்திருந்தால் அவர் அத்தனை நாள் கூனிக்குறுகியிருக்க வேண்டாம். அதற்கடுத்த முறை மருந்து வாங்கப் போனபோது நான்தான் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பார்த்துப் பார்த்து அளவைக் குறைத்தார். மகள் பிறக்க அதன்பிறகு நாலு வருஷம் ஆனது.

ஆனால் நான் மறக்காதது அன்று சாயங்காலத்தைத்தான். வீடு சேர்ந்ததும் வாசலிலேயே மாமியார் கேட்டார்: "டாக்டர் என்ன சொன்னாரு? பத்தியம் தீந்திச்சா?"

என் வீட்டுக்காரர் முற்றத்தில் கழுவின காலையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் ஊர் அவரை என்னென்ன பேசும் என்று எனக்குத் தெரியும்.

"இல்ல மாமி. இன்னும் கொஞ்ச காலம் இருக்கணுமாம்," என்றேன். "ஆனா புளி சேக்கலாமாம், பாய தனியா போடப்பிடாதாம். இந்த மருந்து குடிக்கவருக்குப் பக்கத்துல பெஞ்சாதி படுக்கணும்னு கண்டிசனா சொல்லிட்டாரு."

"இது என்ன கூத்து! இப்பிடியும் ஒரு பத்தியமா?"

"வெளிநாட்டு மருந்துலா மாமி!"

முற்றத்தில் அவர் சிரித்துவிட்டார். மாத்திரை தொடங்கிய பிறகு அவர் சிரித்து நான் முதல் தடவையாகக் கேட்டது அன்றைக்குத்தான்.