இடக்கையில் அரிவாள்

சுலாஸ்திரி விட்டுப்போன பள்ளிப் படிப்பை ஐம்பத்தொரு வயதில் முடிக்கக் கிளம்பியவள். இந்தோனேசியாவின் பெக்காசி நகரச் சந்தையில் காலையெல்லாம் வறுவல் வியாபாரம். மதியம் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு வகுப்பு. அந்தப் பிள்ளைகளின் மரியாதைக்குக் குறைவில்லை. பெரியவர்களின் வலக்கையைப் பிடித்துத் தங்கள் நெற்றியில் ஒற்றாமல் பள்ளிக்குள் வர மாட்டார்கள். வெளியே போனால் பக்கத்துப் பள்ளிக்காரன் மண்டையைப் பிளப்பார்கள்.

ஒருநாள் பள்ளி வாசலிலேயே சண்டை. அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் குந்துர், தொடையில் வெட்டுப்பட்டு ரத்தத்தில் கிடந்தான். அவன் மேல் பக்கத்துப் பள்ளிப் பையன் ஒருவன் அரிவாளை ஓங்கி நின்றான்.

சுலாஸ்திரி நடுவே புகுந்து வலக்கையை நீட்டினாள். பழக்கம் யாரை விட்டது? பையன் அரிவாளை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு, குனிந்து, அவள் கையை நெற்றியில் ஒற்றினான். அவள் இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"கைய விடுங்கம்மா. இவன முடிச்சிட்டு வந்துடறேன்."

"நீ யாரு வீட்டுப் பிள்ளடா?"

"மரியாதையா சொல்றேன், விடுங்க."

"குந்துர், உள்ள ஊர்ந்து போ."

இடக்கை அரிவாள் அவள் வலத்தோளில் இறங்கியது.

"மன்னிச்சிருங்கம்மா," என்றான் பையன். இரண்டாவது வெட்டுக்கும் அதையே சொன்னான். குந்துர் தவழ்ந்து உள்ளே போய், காவலாளி கம்பிக் கதவைச் சாத்திய பிறகுதான் அவள் பிடி தளர்ந்தது.

குந்துரின் கால் பிழைத்தது. சுலாஸ்திரியின் வலக்கை இப்போது பென்சில் பிடிப்பதில்லை. தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கிறது. இடக்கையால் எழுதப் பழகிக்கொண்டிருக்கிறாள்.