சண்முகலிங்கத்தின் கையெழுத்து

மன்னாரில் பிறந்து, புலம்பெயர்ந்து வந்து பிராண்டே நகரில் கணக்கு எழுதிப் பிழைத்த யசிந்தாவுக்கு, காகிதம் தொலைக்கிற ஆட்களைக் கண்ணிலும் காட்டக் கூடாது. கம்பனிகளின் வரி விபரங்களைக் கணினியில் அனுப்புவது அவள் வேலை. அனுப்புமுன் அந்தக் கம்பனியின் முதலாளி அனுமதிப் படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும். அந்தப் படிவம் எங்கும் போகாது. ஐந்து வருடம் அவள் கோப்பிலேயே கிடக்க வேண்டும். அது இல்லாமல் அனுப்பினால் அலுவலகம் வேலையை விட்டு நிறுத்திவிடும். போன வருடம் ஒருத்தியை நிறுத்தியும் இருந்தது.

ஆனால் நம்மாட்கள் எப்போது அலுவலக நேரத்தில் வந்தார்கள்? அதனால் ஞாயிறு பூசை முடிய, கத்தோலிக்கக் கோயில் மண்டபத்து மேசையிலேயே கையெழுத்து வாங்கிவிடுவாள். 2009 மே தொடக்கத்தில் அதே மேசைக்குத் துப்புரவுக் கம்பனி நடத்தும் சண்முகலிங்கமும் வந்தார். மனிதர் சைவம்தான், போரை நிறுத்தச் சொல்லும் மனுவுக்குக் கையெழுத்துச் சேர்க்க வந்திருந்தார். அவள் நீட்டிய படிவத்திலும் கையெழுத்து வைத்தார். அன்று பின்னேரமே யசிந்தா அவருடைய வரி விபரத்தை அனுப்பிவிட்டாள்.

போர் முடிந்த அதே கிழமை, வெள்ளியன்று, வருகிற திங்கள் தணிக்கை என்று அறிவித்தல் வந்தது. சண்முகலிங்கத்தின் கோப்பைத் திறந்தால் உள்ளே படிவத்துக்குப் பதிலாக மனுத்தாள் ஒன்று, இருபது பேரின் கையெழுத்தோடு!

உடனே அவருக்குப் போன் அடித்தாள். "அண்ணை, என்ர படிவம் எங்க?"

"ஐயோ பிள்ளை, அது மனுக்கட்டோட ஹ்விடோவ்ரேக்குப் போயிட்டுதாக்கும். பழைய திகதியைப் போட்டு இன்னொண்டில கையெழுத்து வைச்சுத் தாறன்."

"கள்ளத் திகதியோ? உங்களுக்கென்ன விசரே அண்ணை!"

"எனக்கு இப்ப ஒண்டும் விளங்குதில்லை பிள்ளை," என்றார் அவர். அந்தக் குரலுக்கு மேல் ஏசவும் முடியவில்லை. அதுவும் எரிச்சலாக இருந்தது.

சனிக்கிழமை ஹ்விடோவ்ரேக்கு மூன்று மணித்தியாலம் கார் ஓடினாள். வழி நெடுக அவரைத் திட்டினாள், மேசையைத் திட்டினாள், சரிபார்க்காத தன்னையும் திட்டினாள். அங்கே எல்லா ஊர் மனுக்களையும் சேர்த்து வைத்திருந்தவன் நிர்மலன். தன்னிடம் இருந்த மனுத்தாளை அவன் கையில் திணித்துவிட்டு, "எங்க மிச்சம்?" என்றாள். அவன் கராஜைத் திறந்தான். பதினொரு பெட்டிகள்.

"இன்னும் குடுக்கேல்லையே?"

"பாராளுமன்றத்தில குடுக்க நாள் கேட்டு வாங்கியிருந்தம் அக்கா. அதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது."

நிலத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். சிலர் பெயருக்குப் பக்கத்தில் ஊரும் எழுதியிருந்தார்கள். ஏழாவது பெட்டியில் படிவம் கிடைத்தது.

"அப்பாடா! என்ர வேலை தப்பிச்சுது!" என்று அதை எடுத்துக் கொஞ்சினாள்.

நிர்மலன் பெட்டிகளை மூடவில்லை. "உங்கட தாள் கிடைச்சிட்டுது அக்கா," என்றான். "இந்தச் சனத்தின்ர தாளுகளை நான் ஆரிட்டக் குடுக்கிறது?"

எந்தக் காகிதத்தை யார் வைத்திருக்க வேண்டும் என்று ஊருக்கே வகுப்பெடுத்தவள் அவள். படிவத்தைக் கைப்பைக்குள் வைக்கவும் வெட்கமாக இருந்தது. கையில் பிடித்தபடியே நின்றாள்.