என் தம்பியின் எஞ்சினுக்கு நான் சொன்ன பொய்

ஜெர்மனியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவோரம் காரின் பானெட்டைத் திறந்துவைத்துப் பாருங்கள், பக்கத்து வீட்டுக்காரர் உடனே வந்துவிடுவார். எஞ்சினை எட்டிப் பார்க்க அல்ல, விசாரிக்க. “கெட்டுவிட்டதா?” என்று கேட்டார் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர். “இல்லை, சும்மா பார்க்கிறேன்” என்றேன். சும்மா எதற்குப் பார்க்க வேண்டும் என்பது அவருக்கு விளங்கவே இல்லை. உள்ளே போய், வண்டி பழுதானால் கூப்பிட வேண்டிய எண்ணைச் சீட்டில் எழுதிவந்து கொடுத்தார். தெருவில் எண்ணெய் சிந்தக் கூடாது என்றும் சொல்லிவிட்டுப் போனார். ஊரில், திருப்பதிப் பக்கத்து ரேணிகுண்டாவில் என்றால் டீ குடிக்க வந்தவனெல்லாம் தலையை உள்ளே விட்டு ஆளுக்கொரு வைத்தியம் சொல்லுவான். அந்தத் தொல்லைக்கு ஒரு நாள் ஏங்குவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

எனக்கு இங்கே வேலையே எஞ்சின்தான். பத்து வருடமாகக் கணினித் திரையில் எஞ்சின் வரைகிறேன், கையில் ஒரு சொட்டு கிரீஸ் பட்டதில்லை. சொந்தக் காரின் எஞ்சினைப் பெரிதாக்க நினைத்தால் சான்றிதழ், பரிசோதனை, மறுபடியும் சான்றிதழ். போதுமடா சாமி என்று ஆசையை மூட்டை கட்டிவைத்தேன். ஊரில் என் தம்பி பாபு அப்படிக் கட்டிவைக்கவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

நகரியில் எங்கள் அப்பாவுக்கு, நைனாவுக்கு, பவர்லூம் தொழில். எங்களிடம் பெட்டி மாதிரி ஒரு பழைய கார் இருந்தது. தறி ஓடாத நாட்களில் நைனா எஞ்சினைத் திறப்பார். வால்வு இடைவெளியை அளப்பது என் வேலை. பாபுவோ கையில் அழுக்குப் பட்டால் அழுவான், முறுக்கு தின்றுகொண்டு தூரத்திலேயே உட்கார்ந்திருப்பான். நைனா போன பிறகு, நகை பொண்ணுக்கு, வண்டி பையனுக்கு என்று சொந்தக்காரர்கள் கூடி முடித்துவிட்டார்கள். எனக்கு நகை போட்டுத்தான் கல்யாணம் செய்து அனுப்பியாயிற்றே! நான் இங்கிருந்து போனில் “சரி” என்றேன். ஒரு பேச்சுக்காவது “உனக்கு வேணுமா?” என்று யாரும் கேட்கவில்லை. அன்று எரிந்த வயிறு இன்றும் அணையவில்லை, உங்களிடம் மறைப்பானேன்.

போன வருடம் பாபு வீடியோவில் கூப்பிட்டான். ரேணிகுண்டாவில் அவனும் அவன் கூட்டாளி மஸ்தானும் நடத்தும் பட்டறை. நைனாவின் எஞ்சின் துண்டு துண்டாக மேஜைமேல் கிடந்தது.

“அக்கா, எஞ்சினைக் கழட்டி வெச்சிக்கினு கீறோம். மஸ்தான் ஸ்ட்ரோக்கர் போடலாம்ன்றான். நீ இன்னா சொல்ற?”

ஸ்ட்ரோக்கர் என்றால், சிலிண்டரை அப்படியே விட்டுவிட்டு, பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிற தூரத்தை நீட்டுவது. அதற்கு, பிஸ்டனை ஏற்றி இறக்குகிற கிராங்க் தண்டு வீச்சு அதிகமானதாக வேண்டும். ஆயிரத்து முந்நூறு சிசி எஞ்சின் ஆயிரத்து நானூற்றைம்பதுக்கு வந்துவிடும். மிதித்த மாத்திரத்தில் கீழிருந்தே இழுக்கும். திருப்பதியில் யாத்திரை பஸ்களுக்கு நடுவில், பங்காருபாளையத்து மாங்காய் டிராக்டர்களுக்குப் பின்னால் ஓட்டுகிற காருக்கு வேண்டியது அந்த இழுப்புதான். வால்வுகளைத் திறக்கிற கேம்ஷாஃப்ட்டை மாற்றி, எஞ்சினைக் கதறவிட்டு உச்சத்தில் சக்தி எடுத்து யாருக்கு என்ன லாபம்? புது கிராங்க் சுற்ற எஞ்சினின் உடலில், அந்த பிளாக்கில், இடம் இருக்கிறதா என்றுகூட மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டேன். இரண்டு இடத்தில் கொஞ்சம் அரைத்தால் போதும்.

ஆனால் திரையில் அவன் கைகள் தெரிந்தன. முழங்கை வரை கறுப்பு. அழுக்குக்கு அழுத பயல்! அது என் கையாக இருந்திருக்க வேண்டும்.

“வேணாம் பாபு. பிளாக்ல இடம் பத்தாது. பழைய கிராங்கே இருக்கட்டும், கேம்ஷாஃப்ட்டை மட்டும் மாத்து” என்றேன்.

“சரிக்கா. நீ சொன்னா சரிதான்.”

இந்தத் தையில் ஊருக்குப் போனேன். காருக்குப் பூஜை போட மூவருமாகக் காணிப்பாக்கம் கிளம்பினோம். பாபு ஓட்டினான், மஸ்தான் பின்சீட்டில். சந்திரகிரி தாண்டி ஒரு பஸ்ஸை முந்தப் பார்த்தான். கார் தூங்கியது. கியரைக் குறைத்து மிதித்தான். ஊருக்கே கேட்கிற மாதிரி கத்திவிட்டு மெதுவாக நகர்ந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. மஸ்தான் தெலுங்கில் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

காணிப்பாக்கத்துப் பிள்ளையார் முன்னால் பொய்ச் சத்தியம் செய்ய எங்கள் பக்கத்தில் யாருக்கும் துணிவு வராது. திருட்டு வழக்கு, பாகத் தகராறு எல்லாம் அங்கே வந்து நின்றால் தீர்ந்துவிடும். டயருக்கடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியதும் பாபு சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான்.

“இவன் தெனம் கிராங்க் கிராங்க்னு என் உயிர வாங்கிக்கினு கீறான்க்கா. சாமி எதிர்ல நீயே சொல்லிடு, அதுல இடம் பத்தாதுன்னு. இவன் வாய் மூடட்டும்.”

கோபுரத்தைப் பார்த்தேன், செருப்பைப் பார்த்தேன். கடைசியில் சொல்லிவிட்டேன்.

“இடம் இருக்குதுடா. பொறாமைல பொய் சொன்னேன்.”

மஸ்தான், “நேனு அதே செப்பா!” என்று குதித்தான், தான் சொன்னதும் அதுதானாம். பாபு குதிக்கவில்லை. கையில் இருந்த குங்குமத்தை ஸ்டியரிங்கில் வைத்துவிட்டு மெல்லச் சொன்னான்.

“இடம் கீதுன்னு எனக்கும் தெரியும்க்கா. மஸ்தானும் நானும் அளந்து பாத்தோம்.”

“அப்புறம் ஏன்டா நான் சொன்னதைக் கேட்ட?”

“நீ சொன்னது ஒண்ணாவது அதுல இருக்கட்டும்னுதான். வண்டிய எங்கிட்ட குடுத்துட்டாங்க. உன்ன யாரு கேட்டாங்க?”

கோயில் வாசல் என்றும் பாராமல் அழுதேன். அவன் நல்லவனாக இருந்தது அந்த நேரத்தில் எனக்கு இன்னும் பொறாமையாக இருந்தது.

மறுநாளே எஞ்சினை இறக்கினோம். மஸ்தான் சென்னையில் அலைந்து அதே வகைப் பெரிய எஞ்சினின் கிராங்க்கைக் கொண்டுவந்தான். அரைப்பதற்கும் பொருத்திப் பார்ப்பதற்கும் என் விடுமுறை முழுக்கப் போயிற்று. கிளம்புகிற காலையில்தான் கிராங்க் பிளாக்கில் உட்கார்ந்தது. அதைப் பிடித்துக்கொள்ளும் மூடிகள் ஐந்து. நடுவிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு போல்ட்டாகக் கடைசி முறுக்கு முறுக்கினேன். மூன்று மூடிகள் முடிந்தன. வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார்.

இங்கே வந்து நாலு மாதம் ஆகிறது. நேற்று போன் செய்தேன்.

“மீதி ரெண்டும் முறுக்கியாச்சா?”

“இல்லக்கா. எஞ்சின் மேல துணி போட்டு மூடி வெச்சிகீறேன். நீ வந்து முறுக்கு.”

அடுத்த லீவு எப்போது என்று எனக்கே தெரியாது. அதுவரை கார் எஞ்சின் இல்லாமல் பட்டறையில் நிற்கும். நீயே முறுக்கிவிடு பாபு என்று சொல்வதுதான் நியாயம். சொல்ல எனக்கு மனசு வரவில்லை.