அப்பா கவிழ்த்து வைத்த ராணி

சீட்டுக்கட்டை வீட்டுக்குள் கண்டாலே வாரிக் கொல்லைப் பக்கம் வீசுகிறவள் எங்கள் அம்மா. அப்பேர்ப்பட்டவள் தீபாவளிக்கு மறுநாள், பட்டப்பகலில், பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து "எனக்கும் போடு தம்பி" என்றாளே, அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் முழுசாகத் தெளியவில்லை.

தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம், அதன் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் எங்கள் குடித்தனம். அன்று வேலை கிடையாது. வெளியே அடைமழை, லயத்துக் கூரைத் தகரத்தில் ஒரே சத்தம். கொழும்பில் ஒரு கிளப்பில் பரிமாறுகிற வேலை பார்த்த மாமா, அம்மாவின் தம்பி, பண்டிகைக்கு வந்தவர் புது ஆட்டம் ஒன்று கொண்டுவந்திருந்தார். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் முந்நூற்று நாலு, கழுதை என்ற இரண்டு ஆட்டம்தான். இது வெள்ளைக்காரர்கள் ஆடுவதாம். ஆளுக்கு இரண்டு சீட்டு, அதை யாருக்கும் காட்டக் கூடாது. நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியில் ஒன்று என்று அஞ்சு சீட்டை மல்லாத்தி வைப்பார்கள். அந்த அஞ்சும் எல்லாருக்கும் பொது. கையில் உள்ள இரண்டையும் அதையும் சேர்த்து, ஏழில் நல்ல அஞ்சு யாருக்கு அமைகிறதோ அவருக்கு வெற்றி. ஒரே மாதிரி இரண்டு வந்தால் ஜோடி. மூன்று வந்தால் ஜோடியை அடித்துவிடும். பந்தயத்துக்குத் தீக்குச்சி. நடுவில் சீட்டு விழ விழக் குச்சியை ஏற்றலாம். பயந்தவர் தன் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம்.

பொது என்ற சொல்லைக் கேட்டதும் பெரியம்மாவுக்குக் குஷி. எங்கள் லயத்தில் பொது என்றால் மலையிலிருந்து பீலியில் வந்து விழும் தண்ணீர்தான். முந்திக் குடம் வைத்தவளுக்கே அது. நடுவில் ஒரு ராஜா விழுந்ததுதான் தாமதம், லபக்கென்று எடுத்துத் தன் கையில் செருகிக்கொண்டாள்.

"அடியாத்தி, பொதுன்னு நீதானடா சொன்ன? நான்தானே மொதல்ல எடுத்தேன்!"

மாமா தலையில் அடித்துக்கொண்டார். ஆடத் தெரிந்த மனுஷனுக்கு விளக்கத் தெரியவில்லை. அப்பாதான் விளக்கினார்.

"மதினி, இது பீலித் தண்ணி இல்ல, கோயில் மணி. நீங்களும் கேக்கலாம், நானும் கேக்கலாம், யாரும் வீட்டுக்குத் தூக்கிட்டுப் போக முடியாது. நடுவுல கெடக்கறத எடுக்காம, கையில இருக்கறதோட மனசுக்குள்ள சேத்துக்கணும்."

பெரியம்மாவுக்கே விளங்கிவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதுதான் அம்மா வந்து உட்கார்ந்தாள். கொஞ்ச காலமாகவே வீட்டில் ஒரே சண்டை. குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறேன், பிள்ளையை டவுன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைக்கலாம் என்பாள் அம்மா. பொண்டாட்டியை அனுப்பி உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று லயமே பேசும் என்பார் அப்பா. அவர் சம்மதிக்காமல் அவள் போக முடியாது. நான் அப்பா கட்சி. அம்மா இல்லாத வீட்டை நினைத்தாலே ஓடிப்போய் அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன்.

"என்னக்கா, பந்தயம் எவ்வளவு?" என்று மாமா கேலியாகக் கேட்டார்.

"நான் ஜெயிச்சா நான் போறேன். இவங்க மறிக்கக் கூடாது. தோத்தா அந்தப் பேச்சையே எடுக்க மாட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பெரியம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா சிரித்துத் தள்ளிவிடுவார் என்று பார்த்தால், "சரி, போடு மாப்ள" என்றார்.

மாமா அவர்கள் இருவருக்கு மட்டும் சீட்டுப் போட்டார். நான் அம்மாவின் முதுகில் சாய்ந்துகொண்டு எட்டிப் பார்த்தேன். ஒரு நாலு, ஒரு ஒன்பது. நடுவில் அஞ்சும் விழுந்து முடிந்தபோது இரண்டு ராணி, கூடவே ஒன்றுக்கொன்று ஒட்டாத மூன்று சீட்டு. அம்மாவின் சீட்டு உப்புக்குப் பெறாது. அப்பாடா என்று நான் மூச்சு விடுவதற்குள், மாமா தந்த குச்சி அத்தனையையும் அம்மா ஒரே தள்ளாக நடுவில் தள்ளிவிட்டு, கொழுந்து நிறுக்கும் இடத்தில் நிற்கிற அதே முகத்தோடு அசையாமல் இருந்தாள். டாபி தின்றதற்குப் பொய் சொன்னேன் என்று என் வாயிலேயே ஒன்று போட்டவள்! அம்மாவுக்கு இப்படிப் பொய் சொல்ல வரும் என்று அன்றுதான் தெரிந்தது. எனக்குப் பயமாகவே இருந்தது.

அப்பா தன் சீட்டைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். பிறகு சீட்டைக் கவிழ்த்து வைத்தார்.

"நம்மகிட்ட ஒண்ணும் இல்ல மாப்ள."

பாய்ந்து போய் அதைப் புரட்டினேன். ராணி!

"மூணு ராணிப்பா! நீங்கதான் ஜெயிச்சீங்க! அம்மாகிட்ட ஒண்ணுமே இல்ல!"

மாமா மெதுவாக, "கவுத்தா கவுத்ததுதான் மருமகளே, அது செத்த சீட்டு" என்றார். அம்மா தன் சீட்டைக் கட்டுக்குள் சொருகிவிட்டு, சோறு குழையுது என்று அடுப்படிக்கு ஓடினாள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். அடுப்பைப் பற்றவைத்திருக்கவே இல்லை.

மறுநாள் காலை பீலியடியில் அப்பாவைப் பிடித்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன்.

"நடுவுல கெடந்த ரெண்டு ராணியும் உங்களோடதும்தான்பா. உங்க கையில இருந்த ராணியோட சேத்தா மூணு."

வாளி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவர் அதை எடுக்காமல் முழுசாகக் கேட்டார்.

"அப்படியா? அப்பாவுக்கு அது விளங்காமப் போச்சே" என்றார்.

அம்மா ரயில் ஏறின அன்றும் எனக்குக் கோபமெல்லாம் அப்பா மேல்தான். பெரியம்மாவுக்கே விளங்கிய ஒரு சங்கதி இந்த மனுஷனுக்குப் பிடிபடாமல் போனதால்தானே என் அம்மா போகிறாள் என்று, ஸ்டேஷனில் அவர் நீட்டிய கையைப் பிடிக்காமல் நடந்தேன்.