பசையில் போன பயணச்சீட்டு

ஜூலை 12, சனிக்கிழமை, காலை மணி 10.40, தூறல்.

பழவங்காடியில் ஒரு மாடியறை. ஒவ்வொரு முறை தியானம் முடிந்ததும் ஒரு தாள் ஒட்டி, அடுக்கடுக்காகப் படம் செய்கிறாள் தங்கம். ஓரத்தில் எண்ணிப் பார்க்கிறேன்: முப்பத்தேழு அடுக்கு. பார்க்க வருகிறவர்களும் உட்கார்ந்து, ஒரு தாள் தரவேண்டுமாம்.

"கண்ண மூடி இரிங்க சாரே. மணியடிச்சதும் பாக்கெட்ல கைக்குக் கிட்டுற பேப்பரத் தாங்க. பார்க்கக் கூடாது, கேட்டோ."

மூச்சை எண்ணுகிறேன்.

"உதடு அசையுது! கணக்கு வேண்டா சாரே."

நாற்பதுக்குமேல் எண்ணிக்கை எங்கோ நழுவுகிறது. மணியடித்ததும் கைக்கு வந்ததைக் கொடுத்துவிட்டு, கொஞ்சம் கழித்தே கண் திறக்கிறேன். முன்பதிவு செய்து வைத்திருந்த என் திருநெல்வேலி டிக்கெட் பசையில் கிடக்கிறது. அதன்மேல் மெல்லிய நீலத்தாள் படிந்திருக்க, இருக்கை எண் தண்ணீருக்கடியில் தெரிவதுபோலத் தெரிகிறது.

"அய்யோ, டிக்கெட்டா! பறிச்செடுக்கட்டா? படம் போனா போகட்டும்."

அவள் நகம் தாளின் ஓரத்தில் நிற்கிறது.

"வேண்டாம்மா. இதுக்குமேல என்ன ஒட்டுவே?"

"நாளைக்கு தியானத்துல இருந்து எழும்பினாத்தானே தெரியும்!"

முன்பதிவில்லாப் பெட்டியில் நின்றுகொண்டே ஊர் போக, புது டிக்கெட்: எழுபது ரூபாய்.